எலிப்பொறி வாங்காதவனின் எண்ட்கேம்

2019 ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை காலையில் என் மனைவி எனக்குச் சொன்னது ஒரே ஒரு வேலை. “ஏங்க, பரண்ல எலி ஓடுது. சாயங்காலம் வரும்போது மறக்காம ஒரு எலிப்பொறி வாங்கிட்டு வாங்க.” சரி என்று தலையாட்டினேன். தலையாட்டுவதில் மட்டும் நான் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

சாயங்காலம் ஆபீஸிலிருந்து நேரே தியேட்டருக்குப் போய்விட்டேன். அன்றைக்குத்தான் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ ரிலீஸ். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்த மகனுக்கு முதல் நாளே காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். தானோஸ் என்கிற தடியன் போன படத்தில் சொடக்குப் போட்டு, பிரபஞ்சத்தில் பாதி உயிர்களைப் புழுதியாக்கிவிட்டுப் போயிருக்கிறான். மீதிப் பாதியின் கதி என்ன என்று ஊரே தவிக்கும்போது எலிப்பொறி யாருக்கு ஞாபகம் வரும், நீங்களே சொல்லுங்கள்.

என் லட்சணம் தியேட்டர் வாசலிலேயே வெளுத்துவிட்டது. டிக்கெட்டை வாங்கிப் பார்த்த மகன், “அப்பா, இது தமிழ் ஷோ” என்றான், ஏதோ ரத்தப் பரிசோதனை முடிவைப் படிப்பவன் போல.

“அதனால என்னடா, நமக்குத் தெரிஞ்ச மொழிதானே?”

“அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி வாய்ஸ்ப்பா!”

எனக்கு அது கொசுறாகக் கிடைத்த லாபமாகப் பட்டது. அவனுக்கோ துக்கம். ஏதோ நம் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைத்தேன். சுற்றிலும் வரிசையில் நின்றவர்கள் முக்கால்வாசிப் பேருக்கும் அதே புலம்பல்தான். தமிழ்ப் பதிப்புக்கு ஏ.ஆர். முருகதாஸ் வசனம், பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியா குரல், விளம்பரத்துக்கென்று ஏ.ஆர். ரஹ்மான் தனியாக ஒரு பாட்டு என்று ஒரு தமிழ்ப் படத்துக்கே சேராத கூட்டம் சேர்ந்திருந்தது. ஆனாலும் இந்தப் பிள்ளைகள் காதில் அயர்ன் மேனுக்கென்று வேறொரு தமிழ்க் குரல் பல வருஷமாகக் குடியிருந்திருக்கிறது. கடைசிப் படத்தில் வந்து பழைய குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொன்னால் யாருக்குத்தான் வயிறு எரியாது? வாடகை வீட்டில் இருப்பவன் நான், எனக்குப் புரிந்தது.

படம் ஆரம்பித்து அயர்ன் மேனான டோனி ஸ்டார்க் வாயைத் திறந்ததும் பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: “தலைவா, பெப்பரை விடு, ஜானு வந்திருக்காங்க!” விஜய் சேதுபதி ஜானுவுக்காக உருகிய ‘96’ படம் வந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. தியேட்டரே சிரித்தது. நானும் சிரித்தேன். மகன் என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதியாகிப் போனேன், சொடக்குகூடப் போடவில்லை.

அதற்குப் பிறகு என் நடத்தை இன்னும் மோசம். கேப்டன் அமெரிக்கா தோரின் சுத்தியலைத் தூக்கிய இடத்தில் விசில் கிழிந்தது. பக்கத்து சீட்டுக்காரர், முன்பின் தெரியாதவர், என்னைக் கட்டிக்கொண்டார். “சுத்தியலைத் தூக்கினதுக்கா இவ்வளவு?” என்று கேட்டுவிட்டேன். உடனே கையை எடுத்துக்கொண்டார். தகுதி உள்ளவன் மட்டுமே தூக்க முடிகிற சுத்தியலாம் அது. இதற்கு முன் வந்த 21 படங்களையும் பார்க்காதவனுக்கு இது எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம், தொப்பை போட்டுக் கையில் பீரோடு உட்கார்ந்திருந்த தோர்தான். அவரைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

படம் 181 நிமிஷம். எனக்குச் சர்க்கரை. இந்த இரண்டு விஷயங்களையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டது என் பிழைதான். புழுதியானவர்கள் அத்தனை பேரும் வட்ட வட்டமான ஒளி வாசல்கள் வழியாகத் திரும்பி வந்து சண்டைக்கு நிற்கும் இடத்தில், நான் வேறொரு வாசல் வழியாக வெளியே போனேன். திரும்பி வந்தபோது தியேட்டரே அழுதுகொண்டிருந்தது. பின் வரிசைக் கிண்டல்காரன்கூட மூக்கை உறிஞ்சினான். என்னைக் கட்டிப்பிடித்தவரிடம் மெதுவாக, “யாருங்க போயிட்டாங்க?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மகன் நாலு சீட் தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டான்.

எல்லாம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கின. எழுந்தவனை மகன் சைகையாலேயே உட்கார வைத்தான். கடைசியில் ஏதாவது காட்டுவார்களாம். பத்து நிமிஷத்துக்கு மேல் காத்திருந்தோம். ஒன்றும் காட்டவில்லை. ‘டங், டங்’ என்று இரும்பை அடிக்கும் சத்தம் மட்டும் வந்தது. தியேட்டர்காரர் ஜெனரேட்டரை ரிப்பேர் செய்கிறார் என்று நினைத்தேன். 2008ல் வந்த முதல் படத்தில் டோனி குகைக்குள் உட்கார்ந்து முதல் கவசத்தை அடித்த சத்தம் அது என்று மகன் சொன்னபோது அவன் குரல் உடைந்திருந்தது. நல்லவேளை, ஜெனரேட்டர் விஷயத்தை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

படத்தை எடுத்த ரூசோ சகோதரர்கள், முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்று ரசிகர்களுக்குக் கடிதமே எழுதியிருந்தார்கள். அந்த வேண்டுகோளை உலகத்திலேயே முழு விசுவாசத்தோடு காப்பாற்றியவன் நான்தான். எனக்கு முடிவே தெரியாது. வீட்டுக்கு வந்ததும், “எலிப்பொறி எங்கே?” என்றாள் மனைவி. அதற்கும் பதில் தெரியவில்லை.

அமெரிக்காவில் அந்த ஆகஸ்டிலேயே ப்ளூ-ரே வட்டு வந்துவிட்டது. நம் வீட்டில் வட்டு போடும் வசதியெல்லாம் ஒரு பழைய டிவிடி பெட்டியோடு முடிந்துபோன கதை. அதன் மேல் இப்போது கொலு பொம்மை உட்கார்ந்திருக்கிறது. ஆக, எண்ட்கேம் எங்கள் வீட்டுக்கு வந்தது 2020 ஊரடங்கில்தான். ஒரு ஓடிடி சந்தாவைக் கட்டிவிட்டு, விட்ட இடத்தைப் பிடித்துவிடலாம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கழிப்பறை எட்டடி தூரம். பாஸ் பொத்தான் என் கையில். இதற்கு மேல் மனிதனுக்கு என்ன பாதுகாப்பு வேண்டும்?

மகன் இங்கிலீஷில் போட்டான். “படிக்கறதா, பார்க்கறதா? தமிழ்ல போடுடா” என்றாள் மனைவி. இரண்டுக்கு ஒன்று என்று தமிழ் ஜெயித்தது. விஜய் சேதுபதி பேசினார். மகன் காதில் பஞ்சு வைக்காத குறை.

என் மனைவிக்கு எந்தப் படமும் வாய் மூடிப் பார்க்கிற படம் அல்ல. சொடக்குக்குச் சக்தி தருகிற அந்த ஆறு கல்லையும் பேங்க் லாக்கரில் வைத்திருந்தால் இத்தனை சண்டை வந்திருக்குமா என்று கேட்டாள். டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் எதிர்காலத்தை எட்டிப் பார்த்ததில் 1,40,00,605 வழிகள் இருந்ததாகவும், அதில் ஒன்றில் மட்டும் ஜெயிக்க முடியும் என்றும் மகன் விளக்கினான். “ஒண்ணு இருக்குல்ல? உங்கப்பாவுக்கு அதுவும் கிடையாது” என்றாள்.

அப்புறம் அந்தக் காட்சி வந்தது. ஐந்து வருஷமாக ஆன்ட் மேன் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டிருக்கிறார். குடோனில் கிடக்கிற அவருடைய வேனுக்குள் ஒரு எலி ஏறி, கருவியின் பொத்தானை மிதிக்கிறது. அவர் பொத்தென்று வந்து விழுகிறார். அவர் வந்ததால்தான் உலகமே பிழைக்கிறது.

“பாருங்க, எலி” என்றாள் மனைவி. “அங்கேயும் எலிப்பொறி வாங்கிட்டு வர ஆள் இல்லை போல.”

எனக்கு ஒரு வருஷத்துக்குப் பிறகு நாக்கு வந்தது. “பொறி வெச்சிருந்தா என்ன ஆகியிருக்கும், யோசிச்சியா? பிரபஞ்சமே போயிருக்கும்” என்றேன். திருமணமாகி இத்தனை ஆண்டுகளில் நான் ஜெயித்த ஒரே வாதம் அது. இரண்டு மணி நேரம் நீடித்தது.

சரியாக டோனி அந்தக் கற்களைக் கையில் வாங்கி நிற்கிற இடம். நான் அன்று கழிப்பறையில் இருந்த இடம். திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மோடத்தில் சிவப்பு விளக்கு. என் போனில் அன்றைய ஒன்றரை ஜிபியைக் காலை வணக்க வீடியோக்கள் தின்றிருந்தன. மகனுடையதை விளையாட்டு தின்றிருந்தது. வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பரணில் ஏறிப் பார்த்தேன். வயரை வேறொருவர் தின்றிருந்தார். பல் பதிந்த இடம் துல்லியமாகத் தெரிந்தது.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாதபோது வீட்டில் எல்லோருக்கும் நன்றாகக் கேட்கும்.

“மீதி நான் சொல்றேம்மா” என்று மகன் எழுந்தான். அடுப்படியில் தொங்கிய கரித்துணி உறையைக் கையில் மாட்டிக்கொண்டான். சோபாதான் போர்க்களம். தானோஸ் சொடக்குப் போடுகிறான், ஒன்றும் ஆகவில்லை, கல்லெல்லாம் டோனி கையில். மண்டி போட்டு, மூச்சு வாங்க, தன் பெயரைச் சொல்லிச் சொடக்குப் போட்டான் பாருங்கள், அப்படியே விஜய் சேதுபதி குரல்! ஒரு வருஷமாகத் திட்டிய அதே குரல், அதே இழுப்பு. அவனுக்கே அது தெரியவில்லை. மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் பார்த்த எண்ட்கேமின் முடிவு அதுதான். அதற்குப் பிறகு வயரை மாற்றியும், அந்த இடத்தைத் திரையில் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

கடைகள் திறந்த அன்றே போய் எலிப்பொறி வாங்கினேன். மசால் வடை வைத்தேன். காலையில் பார்த்தால் பொறி மூடியிருந்தது, உள்ளே வடையும் இல்லை, எலியும் இல்லை. இன்று ராத்திரி இரண்டாம் பாகம். என்ன செய்தால் எலி மாட்டும் என்று தெரிந்தால் ஒரு கார்டு போடுங்கள். முடிவு தெரிந்தால் மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.