ஆரஞ்சுல வெள்ளி இல்லைங்க

போன ஆடி மாதம் ஒரு காலையில் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திய ஒருவர், "பழைய நெகட்டிவ் இருக்குதுங்களா? எக்ஸ்ரே இருந்தாலும் எடுத்துக்கிறேன்" என்று கேட்டார். ஸ்டுடியோக்காரன் வீட்டு வாசலில் நின்று நெகட்டிவ் இருக்கிறதா என்று கேட்பது, வெல்லமண்டியில் எறும்பு இருக்கிறதா என்று கேட்பதைப் போல. "இல்லை" என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"கிலோ என்ன விலைங்க?"

கறுப்பு வெள்ளை நெகட்டிவில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் வெள்ளி. நிஜமான வெள்ளி. அதைப் பிரித்தெடுத்து விற்பதே ஒரு தொழில். அப்பா காலத்தில், டார்க் ரூமில் உபயோகித்து முடித்த ஹைப்போ தண்ணீரையே கேனில் பிடித்துக்கொண்டு போக ஆள் வருவார்கள். அதிலும் வெள்ளி கரைந்திருக்கும்.

எங்கள் வீட்டில் மூன்று டிரங்குப் பெட்டிகள். ஒன்று அப்பாவுடையது, இரண்டு என்னுடையது. வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து, பத்தர் நகையைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு துண்டாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அப்பாவின் சதுர நெகட்டிவ்களை வலது பக்கம் பயபக்தியோடு அடுக்கினார். என்னுடையதை இடது பக்கம் தள்ளினார்.

"இது என்னங்க, எல்லாம் ஆரஞ்சா இருக்கு?"

"கலர். 1988-லேருந்து நான் எடுத்தது."

"ஆரஞ்சுல வெள்ளி இல்லைங்க."

ரசாயனப்படி அவர் சொன்னது சரிதான். கலர் ஃபிலிமைக் கழுவும்போதே வெள்ளி முழுக்க வெளியேறிவிடும். மிஞ்சுவது வெறும் சாயம். ஆனாலும் முப்பது வருட உழைப்பைப் பற்றி இவ்வளவு சுருக்கமான விமர்சனத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

வலது பக்கக் குவியலில் மேலாக இருந்த உறையை எடுத்துப் பார்த்தேன். அப்பாவின் கையெழுத்தில் "மகாமகம் 1968" என்று இருந்தது. கும்பகோணத்தில் மகாமகம் 12 வருடத்துக்கு ஒருமுறை. மகாமகக் குளத்தின் வடகரையில் தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடியில் ஏறி, அப்பா 1968-இலும் 1980-இலும் ஒரே இடத்தில் நின்று ஒரே கோணத்தில் எடுத்திருக்கிறார். 1992-இலும் எடுத்தார். உயிர்களைப் பறித்த அந்த வருடத்து நெரிசல் எல்லோருக்கும் தெரியும். அந்த ரோலை மட்டும் அவர் யாருக்கும் காட்டியதில்லை, நானும் பிரித்ததில்லை. 2004-இல் அதே மாடியில் நான் ஏறினேன், 2016-லும் ஏறினேன். மற்ற நான்கு மகாமகத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் குளத்தைச் சுற்றியுள்ள 16 மண்டபங்களும் அப்படியே இருக்கும். பின்னாலிருக்கும் ஓட்டு வீடுகள் மட்டும் ஒவ்வொன்றாக மாடி வைத்துக்கொண்டு வரும். யாரும் காசு கொடுத்துச் செய்யச் சொல்லாத, நானாக வைத்துக்கொண்ட ஒரே வேலை இதுதான். அடுத்தது 2028.

"இது விற்கிறதுக்கு இல்லைங்க" என்று சொல்லி, ஒரு டம்ளர் மோர் கொடுத்து அவரை அனுப்பிவைத்தேன். மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்தப் பெட்டிகளில் ஊரில் பாதிப் பேருடைய கல்யாணம் இருக்கிறது. எங்கள் கல்யாணம் இல்லை.

1994 ஆவணியில் கல்யாணம். படமெடுக்க என்னோடு தொழில் பழகிய நண்பன் வந்தான். மொய்யாக அதைச் செய்துவிடுவதாக அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். தாலி கட்டி முடித்து நான் நிமிர்ந்தபோது பக்கத்தில் குனிந்து காதில் சொன்னான்: "புதுக் கேமரா பிரமாதம்டா. 36 ரோல்ல 41 படம் எடுத்துட்டேன், இன்னும் போகுது!" மாலையும் கழுத்துமாக மணையில் உட்கார்ந்திருந்த எனக்கு வயிற்றைப் புரட்டியது. 36 ரோலில் மிஞ்சிப் போனால் 38 வரும். 41 வந்தால் ஃபிலிம் எதிர்ப்பக்கத்து உருளையில் மாட்டவே இல்லை என்று அர்த்தம். லீவரை இழுக்கும்போது இடது பக்கத்து ரீவைண்ட் குமிழ் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். சுற்றாவிட்டால் நீ எடுப்பது படமில்லை, சத்தம். அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. நண்பனுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை போல. கடைசியில் குமிழைக் கவனித்து அவன் ரோலைச் சரியாக மாட்டியபோது பந்தியில் பாயசம் போய்க்கொண்டிருந்தது. ஆகவே எங்கள் கல்யாண ஆல்பம், சமையல்காரர் வெற்றிலை போடுவதில் தொடங்குகிறது.

அவனைக் குறை சொல்ல எனக்கும் பெரிய யோக்கியதை கிடையாது. பென்டாக்ஸ் கே1000-இல் ஃப்ளாஷ் அடித்தால் ஷட்டர் 60-இல் இருக்க வேண்டும். 125-க்கு நகர்ந்துவிட்டால் ஒரு திரை முழுக்கத் திறப்பதற்குள் இன்னொரு திரை மூடத் தொடங்கிவிடும். படத்தில் ஒரு பக்கம் இருட்டாகிவிடும். திருவிடைமருதூரில் ஒரு கல்யாணத்தில் கூட்டத்தில் இடிபட்டு டயல் நகர்ந்ததை நான் கவனிக்கவில்லை. பிரிண்ட் வந்தபோது பெண் வீட்டார் பளிச்சென்று இருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் அமாவாசை. சீர்வரிசை விஷயத்தில் ஏற்கெனவே முறைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது திட்டமிட்ட சதியாகத் தெரிந்தது. மீதிப் பணம் இன்றுவரை வரவில்லை.

டிஜிட்டல் வந்த பிறகு எல்லாம் சுலபம் என்கிறார்கள். கெட்டிமேளம் கொட்டியதும் நூறு கைகள் அட்சதையை வீசும். கேமராவின் ஆட்டோஃபோகஸ் புத்திசாலி. தாலியை விட்டுவிட்டுப் பறக்கும் அரிசியைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு பருக்கையும் அட்சர சுத்தமாக விழும், மாப்பிள்ளை கலங்கலாக நிற்பார். அதனால் நாதஸ்வரக்காரர் தவில்காரரை ஓரக்கண்ணால் பார்க்கும்போதே நான் மஞ்சள் கயிற்றில் ஃபோகஸ் வைத்து மேனுவலுக்கு மாற்றிவிடுவேன். அரக்குப் பட்டு இன்னொரு தலைவலி. சிவப்பு கொஞ்சம் அதிகமானாலும் ஜரிகை, மடிப்பு எல்லாம் போய் மணப்பெண் மேல் சிவப்புச் சாக்பீஸ் பூசியதுபோல ஆகிவிடும். அரை ஸ்டாப் குறைத்து எடுத்தால் பிழைக்கலாம். அப்பா ஒரு கல்யாணத்துக்கு மூன்று ரோல், 36 படம் எடுப்பார். நான் நாலாயிரம் எடுக்கிறேன். வாடிக்கையாளர் ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுப்பது என்னவோ அப்பா எடுத்திருக்கக்கூடிய அதே 36.

நாலாயிரம் எடுத்தால் நூறு ஜிபி ஆகிறது. அதை எங்கே வைப்பது? முதலில் இரண்டு ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்து, இரண்டையும் ஒரே பீரோவில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். பிறகு ஜாக் லோ கதை தெரிந்தது. கென்னடி குடும்பத்தைக் கூடவே இருந்து படமெடுத்தவர். 40,000-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை வீட்டில் வைக்கப் பயந்து வங்கிப் பெட்டகத்தில் வைத்தார். தீ அண்டாது, திருடன் அண்டமாட்டான். பெட்டகம் இருந்த இடம் நியூயார்க் உலக வர்த்தக மையம். 2001 செப்டம்பர் 11-இல் எல்லாம் போயிற்று. வேறு இடத்தில் கிடந்த கான்டாக்ட் ஷீட்டுகள் தப்பின. அவர் அந்த வருடம் மே மாதமே காலமாகிவிட்டார். பார்க்காமல் போனது ஒரு புண்ணியம்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் என்பது இப்போது தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு. வேறு ஊருக்கு நான் எங்கே போவேன்? திருச்சியில் அக்கா வீடு இருக்கிறது. ஒரு டிஸ்கைக் கொடுத்து, "பத்திரம்க்கா, இருபது வருஷ உழைப்பு" என்று சொல்லிவிட்டு வந்தேன். பத்திரம் என்ற சொல்லுக்கு அக்கா அகராதியில் பூஜை அறை என்று பொருள். ஆயுத பூஜை முடிந்து போனில் சொன்னாள்: "தம்பி, உன் பெட்டிக்கும் பொட்டு வச்சு, கற்பூரம் காட்டிட்டேன்." போய்ப் பார்த்தால் யுஎஸ்பி துளைக்குள் சந்தனம், அதன் மேல் குங்குமம். குண்டூசியால் சுரண்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. வேலை செய்தது! அக்கா அதற்கும் கற்பூரத்தைத்தான் காரணமாகச் சொல்கிறாள்.

லென்ஸுக்கு வேறு பகைவன். காற்றில் ஈரம் அறுபது சதவீதத்தைத் தாண்டினால் கண்ணாடிக்குள் பூஞ்சை சிலந்தி வலைபோலப் படரும். காவிரிக் கரையில் ஐப்பசி, கார்த்திகையில் அறுபதாவது, எழுபதாவது! சிலிக்கா ஜெல் போட்டு வைத்தேன். ஈரம் குடித்தால் நீலம் இளஞ்சிவப்பாகும். சூடுபடுத்தினால் திரும்ப நீலமாகும். மனைவி கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து வாணலியில் போட்டு வறுத்தேன். அந்த நீல நிறம் விஷம் என்பதைத் திரும்பி வந்தவளிடம் நேர்மையாகச் சொல்லியும் தொலைத்தேன். வாணலி தெருவுக்குப் போயிற்று, என் காசில் புதிது வந்தது.

சட்டம் ஒன்றும் உண்டு. 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அட்வான்ஸ் மட்டும் கொடுத்தவர் எத்தனை சதவீத உரிமையாளர் என்பது அதில் இல்லை. எப்படியானாலும், நான் கரையானிடமிருந்தும் சைக்கிள்காரரிடமிருந்தும் காப்பாற்றிக்கொண்டிருப்பது ஊரார் சொத்து. ஒருவரும் தேடி வருவதில்லை. போன மாதம் ஒரே ஒருவர் வந்தார். கல்யாணப் படத்தில் ஒரு சித்தப்பாவை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டார்.

மனைவி இப்போது பேசுகிறாள். பெட்டிகளைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அவளுக்காக ஒரு வேண்டுகோள்.

1994 ஆவணியில் கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோக்காரன் கல்யாணத்துக்கு வந்து, நாலாவது பந்தியில் பாயசம் தீர்ந்துபோனதாகச் சண்டை போட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் பழைய ஆல்பத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். அன்று சிலர் கையில் சொந்தக் கேமரா இருந்ததை மணையிலிருந்தே நான் பார்த்தேன். தாலி கட்டும் படம் ஒன்று, கலங்கலாக இருந்தாலும் போதும். கொண்டுவருபவருக்கு அவர் வீட்டு நெகட்டிவ் மொத்தமும் இலவசம். பழைய பாக்கியையும் கேட்கமாட்டேன், திருவிடைமருதூர்க்காரர்களும் வரலாம்.