ஓரத்தில் நின்ற அக்கா

1988 ஐப்பசியில், காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரு செட்டியார் வீட்டு அறுபதாம் கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போயிருந்தோம். ஸ்டுடியோ அண்ணன் கேமராக்காரர். நான் 17 வயதுக் கையாள், ஃப்ளாஷைத் தூக்கிப் பிடிக்கிறவன். குடும்பப் படத்தை வாசலில், முகப்பு தெரிய எடுப்பதாகப் பேச்சு. காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. வாசலும் போயிற்று, வளவு முற்றமும் போயிற்று. கடைசியில் இரண்டாம் கட்டில் பந்தி போடுகிற கூடத்துக்கு எல்லோரையும் அழைத்து வந்தார்கள். நல்ல நீளம், ஆனால் குறுக்கே அகலம் போதாத கூடம்.

அண்ணனிடம் இருந்தது யாஷிகா மேட் 124ஜி. வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மேலிருந்து குனிந்து பார்க்கிற கேமரா. அதன் 80 மி.மீ. லென்ஸைக் கழற்றி வேறு மாட்ட வழியில்லை. மூலைக்கு மூலை அளந்தால் அது பார்ப்பது 50 டிகிரிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆட்கள் அடங்கவில்லையா, பின்னால் போ. அந்தத் தொழிலில் நான் கற்ற முதல் பாடம் அது. அண்ணன் பின்னால் போனார், போனார், முதுகு சுவரில் முட்டியது. 43 பேர் நின்றார்கள். கண்ணாடியில் 36 பேர்தான் தெரிந்தார்கள்.

"தம்பி, ரெண்டு ஓரத்துலயும் நிக்கிறவங்களக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லு. அடுத்த படத்துல நிக்கலாம்."

போய்ச் சொன்னவன் நான்தான். ஓரத்தில் நின்றவர்கள் யார் என்று பார்த்தால் கணக்குப்பிள்ளை, சமையல்காரர், மாட்டைப் பார்த்துக்கொள்கிறவர், அடுப்படியில் உதவிக்கு இருந்த அக்கா. அக்காவுக்கு 25 வயது இருக்கும். "நீயும் வந்து நில்லு" என்று வீட்டு ஆச்சி தன் வாயால் கூப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றவர். நான் சொன்னதும் ஒன்றும் பேசவில்லை. அடுப்படிக் கதவுக்குள் போய்விட்டார். அடுத்த படம் எடுக்கப்படவே இல்லை. 120 ஃபிலிம் சுருளில் 12 படம்தான்; அது 12வது. புதுச் சுருள் மாட்டுவதற்குள் பந்திக்கு இலை போட்டுவிட்டார்கள்.

அப்போது இன்னும் அகலமாகப் பார்க்கிற லென்ஸ் உலகத்தில் இல்லாமலில்லை. நிக்கானின் 13 மி.மீ. லென்ஸ் 1970களிலேயே வந்துவிட்டது. 118 டிகிரி பார்க்கும். எடை ஒரு கிலோவுக்கு மேல், அதுவும் சொல்லிவைத்தால்தான் செய்து தருவார்கள். எங்களைப் போன்ற ஸ்டுடியோக்காரர்கள் அதைப் படத்தில் பார்ப்பதோடு சரி.

அகலமாகப் பார்ப்பதற்கு ஏன் இத்தனை கண்ணாடி என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். காரணம் எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் மேலும் கீழும் ஆடுகிற அந்தச் சின்ன முகக்கண்ணாடி. அது ஆட இடம் வேண்டும். அதனால் நிக்கானில் லென்ஸ் மாட்டுகிற வாய்க்கும் ஃபிலிமுக்கும் நடுவே 46.5 மி.மீ. இடைவெளி. 13 மி.மீ. குவியத்தூரம் உள்ள லென்ஸ் நியாயப்படி ஃபிலிமுக்கு வெகு அருகில் இருக்கவேண்டியது. அதை இவ்வளவு தள்ளி நிறுத்தவேண்டுமானால் முன்னால் பெரிய குழிலென்ஸ்களை வைத்து ஒளியை விரித்து அனுப்பவேண்டும். தொலைநோக்கியைத் திருப்பிப் பிடித்த மாதிரி. 1950இல் பிரான்சின் ஆஞ்செனியூ தன் லென்ஸுக்கு ரெட்ரோஃபோகஸ் என்று இட்ட பெயர் அந்த அமைப்புக்கே பொதுப்பெயராக நிலைத்துவிட்டது. முகக்கண்ணாடி இல்லாத கேமராவில் என்ன செய்யலாம் என்பதையும் 1969இலேயே ஸைஸ் செய்து காட்டியிருக்கிறது. ஹோலோகன் என்ற 15 மி.மீ. லென்ஸ், மூன்றே கண்ணாடி, பின்பக்கம் ஃபிலிமைத் தொட்டுவிடும்போல் உட்கார்ந்திருக்கும். சிறியதற்கு அன்றே வழி இருந்தது. நாங்கள்தான் இன்னும் 40 வருஷம் பெரியதைத் தூக்கினோம்.

நானும் தூக்கினேன். டிஜிட்டல் வந்தபின் டோக்கினா 11-16 வாங்கினேன். 560 கிராம், முன்வாயில் 77 மி.மீ. ஃபில்டர். நல்ல லென்ஸ், குறை சொல்லமாட்டேன். ஆனால் நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கவிட்டால் இரவில் தோள் பேசும்.

மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராக்களுக்கான ஒலிம்பஸ் 9-18 லென்ஸ் வந்தது 2010இல். முதன்முதல் கையில் வாங்கியபோது உள்ளே கண்ணாடி இருக்கிறதா என்று குலுக்கிப் பார்க்கத் தோன்றியது. 155 கிராம். மடக்கினால் 5 செ.மீ. நீளம்கூட இல்லை. வளையத்தைத் திருகினால் கூட்டுக்குள்ளிருந்து நத்தை தலைநீட்டுவதுபோல் வெளியே வரும். 9 மி.மீ.யில் 100 டிகிரி, 18 மி.மீ.யில் 62 டிகிரி. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராவில் முகக்கண்ணாடி கிடையாது, இடைவெளி 20 மி.மீ.க்கும் குறைவு, சென்சாரும் சிறியது. மூன்றும் சேர்ந்துதான் இந்த உருவம். சாய்ந்து விழுகிற ஒளி சென்சாருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் ஹோலோகன் அளவுக்கு நெருங்க முடிவதில்லை. கண்ணாடியில் திருத்தாமல் விட்ட வளைவுகள் இருந்தால், அவற்றின் கணக்கைக் கேமராவுக்குச் சொல்லி அங்கே நிமிர்த்திக்கொள்வதும் இந்த அமைப்பில் உண்டு. பிறகு ஒலிம்பஸின் ஈ-எம்10 கேமராவை வாங்கி மாட்டினேன். கேமராவும் லென்ஸும் சேர்ந்து என் பழைய லென்ஸ் ஒன்றின் எடைதான் வந்தது.

இனி யாரையும் ஒதுங்கச் சொல்லவேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். முதல் குடும்பப் படத்தை 9 மி.மீ.யில் எடுத்தேன். எல்லோரும் அடங்கினார்கள். பிரிண்ட் வந்தபின் பார்த்தால், ஓரத்தில் நின்ற பெரியவரின் தலை பூசணிக்காய்போல் பக்கவாட்டில் இழுபட்டிருந்தது. அவர் பிரிண்டை வாங்கிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். அந்தக் கை எனக்கு மறக்கவில்லை.

இது லென்ஸின் கோளாறு இல்லை. நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டுகிற லென்ஸ் எதுவானாலும் இப்படித்தான். 9 மி.மீ.யில், சட்டத்தின் பக்க ஓரத்தை ஒட்டி வருகிற உருண்டையான பொருள், அது தலையோ பந்தோ, உயரத்தைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு அகலமாக விழும். 14 மி.மீ.க்குத் திருகினால் அது 1.2க்குள் அடங்கிவிடும். ஜூமாக இருப்பதன் அருமையே இங்கேதான். அண்ணன் சொல்லிக்கொடுத்த இன்னொன்றையும் நான் விடவேண்டி வந்தது. "பிறை மாதிரி நிறுத்து, எல்லாரும் கேமராவுக்குச் சம தூரத்துல இருக்கணும்" என்பார். யாஷிகாவுக்கு அது சரி. அகல லென்ஸின் முன் பிறையாக நிறுத்தினால் ஓரத்தில் நிற்பவர் நடுவில் நிற்பவரைவிடப் பெரிதாகிவிடுவார். ஒரே கோட்டில் நிறுத்தவேண்டும். அப்போது உயரம் கெடாது, அகலம் மட்டும் கொஞ்சம் கெடும். ஆனால் சுவர், கதவு, ஜன்னல் மாதிரி தட்டையானவை கேமராவுக்கு நேர் எதிரே இருந்தால் எந்த ஓரத்திலும் உருக்குலைவதில்லை. நிலைக்கதவு நிலைக்கதவாகவே வரும். வீட்டைப் பார்க்கத் தெரிந்த லென்ஸ் இது. மனிதர்களைப் பார்க்க நாம்தான் சொல்லித்தரவேண்டும்.

அதனால்தான் சில வேலைகளை ஒப்புக்கொள்வதில்லை. விடுதியாக மாறிய வீடுகளில் கூப்பிட்டு, அறை இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியட்டும் என்பார்கள். 9 மி.மீ.யை மூலையில் வைத்தால் தெரியும்தான். நம்பி வருகிற மனிதர் கதவைத் திறந்து நிற்கிற அந்த முதல் நிமிஷத்தை நினைத்தால் எனக்கு மனம் வருவதில்லை.

2019இல் அதே வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. பாகம் பிரிக்கப் போகிறார்கள். அதற்குமுன் வீடு முழுவதையும் படமாக எடுத்துவைக்கவேண்டும். சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். சாவிக்கொத்தோடு கதவு திறந்தவர் அந்த அக்கா. முடி நரைத்திருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நானும் உடனே சொல்லவில்லை.

முகப்பு, வளவு, பட்டாலை என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு இரண்டாம் கட்டுக்கு வந்தோம். இந்த லென்ஸ் இருட்டில் கொஞ்சம் திணறும், அதன் வாய் எஃப் 4க்கு மேல் திறக்காது. கால் நொடி வரை மூச்சைப் பிடித்து எடுத்தேன். பிறகு குடும்பத்தார் வரிசையாக நின்றார்கள். அக்கா தானாகவே வலது ஓரத்துக்குப் போய், பாதி தூணுக்குப் பின்னால் நின்றார்.

"அக்கா, நடுவுல வாங்க."

"நான் இங்கயே நிக்கிறேன் தம்பி."

வீட்டுப் பெரியவரும் கூப்பிட்டார். வந்து ஆச்சியின் மருமகளுக்குப் பக்கத்தில் நின்றார். 14 மி.மீ. வைத்து, அண்ணன் முதுகு முட்டிய அதே சுவரில் முட்டிக்கொண்டு எடுத்தேன். பத்துப் பேரும் நன்றாக வந்திருந்தார்கள். 1988இல் நடந்ததை அப்போதுதான் அக்காவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்.

"ஃப்ளாஷு புடிச்ச பையனா?" என்றார். பிறகு, "அடுப்படிக் கதவு படத்துல வந்திருக்கா தம்பி?"

வரவில்லை. கதவு வலது ஓரத்தில், 14 மி.மீ.க்கு வெளியே இருந்தது. எல்லோரையும் மறுபடி நிற்கச் சொன்னேன். நடுவில் இன்னும் நெருங்கி நிற்க வைத்தேன். திரையில் மட்டக்கோடு பச்சையாகும்வரை கேமராவை நிமிர்த்தி, வளையத்தை 9க்குத் திருகி எடுத்தேன்.

அக்கா திரையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். ஓரத்தில் கதவு, நிலை கோணாமல் நேராக நின்றது. விரலால் அதைத் தொட்டார். பிறகுதான் நடுவில் தன்னைத் தேடினார்.