உயில் எழுதாத கிராணி ஐயா

ஈப்போவில் புந்தோங் பக்கம் குடியிருப்போர் எவரும் இவரை அறியாதிருக்க நியாயமில்லை. சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றில் கிராணியாக இருந்து ஓய்வுபெற்று, சேமநிதிப் பணத்தில் ஒரு தரைவீட்டை வாங்கி, அதன் வாசலில் பிரம்பு நாற்காலி போட்டு வீற்றிருக்கும், எண்பதைத் தாண்டிய அந்தப் பெரியவர் ஒருவரல்லர். தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். ஊரார் மனுவையெல்லாம் முத்துமுத்தான கையெழுத்தில் எழுதிக் கொடுத்த அந்த மகானுபாவர், தம் உயிலை மட்டும் எழுதமாட்டார்.

"ஏண்டாப்பா, நான் போறதுக்கு நாள் பார்க்கிறியா?" என்பார், பேச்செடுத்தால்.

மரண பயம் என்று நினைத்துவிடக் கூடாது. மரண சகாய நிதிக்கு மாதம் தவறாமல் சந்தா கட்டுகிறவர் அவர். மாலை போட வேண்டிய புகைப்படத்தைக்கூடத் தேர்ந்து சட்டம் போட்டு வைத்துவிட்டார். அவருடைய பயம் வேறு. கல்லுமலைக் கோயில் தைப்பூசத்துக்குக் காரில் அழைத்துப்போன அன்று மூத்த மகனிடமும், நண்டுக் கறி கொண்டுவந்த ஞாயிற்றுக்கிழமை மகளிடமும், மின்சாரக் கட்டணம் கட்டிய மாலையில் இளைய மகனிடமும், "இந்த வீடு உனக்குத்தான், வெளியே சொல்லாதே" என்று அவர் தனித்தனியே அருளியிருக்கிறார். இந்தப் பரம ரகசியம் மூவருக்கும் தெரியும். காகிதத்தில் ஒரு பெயரை எழுதிவிட்டால், மறு ஞாயிற்றுக்கிழமை நண்டு வருமா என்பதே அவருடைய விசாரம்.

சொத்தின் ஸ்தாவர ஜங்கம விவரமெல்லாம் கட்டிலடியில் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் இருக்கிறது. வீட்டுக் கிராண்டு, வங்கிப் புத்தகம், கோயில் நன்கொடை ரசீதுகள். அவற்றினடியில், வெள்ளைக்காரத் துரைமார் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் தொழிலாளர்களையே உடைமையாளராக்கத் துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம். தோட்டத் துண்டாடலை எதிர்த்து மேடையேறி முழங்கியதாக இன்றும் பெருமைப்படும் இவர், தமது வீடு துண்டாடப்படுவதற்குச் சகல ஏற்பாடுகளையும் செய்து வைத்திருக்கிறார் என்பதுதான் விசேஷம்.

"மூத்தவனுக்குத்தானே வீடு? சட்டமும் அதைத்தானே சொல்லும்" என்று அவர் சாதிப்பார். 1958-ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டமோ மூத்தவன் இளையவன் என்று பார்ப்பதேயில்லை. உயிலின்றி ஒருவர் மறைந்தால், பெற்றோர் உயிருடன் இல்லாத பட்சத்தில், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், எஞ்சியது பிள்ளைகளுக்குச் சமமாகவும் போய்ச்சேரும். ஆக, மூவருக்கும் தலைக்கு ஒன்பதில் இரண்டு பங்கு. அந்த ஒன்பதில் இரண்டில் சமையலறை அடங்குமா, குளியலறையோடு நின்றுவிடுமா என்று நிலஅலுவலகத்து விசாரணையில் அவர்கள் முட்டிக்கொள்ளட்டும். தோட்டத்தில் தாயை இழந்து நின்றபோது இவர் எடுத்து வளர்த்தாரே, இன்றைக்கும் இரவுக் கஞ்சி வைத்துத் தருகிறாளே, முறைப்படி தத்தெடுத்துப் பதியாத அந்த வளர்ப்பு மகளுக்கு ஒரு சென்னும் இல்லை.

ஒரே ஒருமுறை, சட்டம் படிக்கும் பேரனின் நச்சரிப்புத் தாங்காமல், நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுத உட்கார்ந்தார். சாட்சிக்கு மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

"தாத்தா, மாமா சாட்சிக் கையெழுத்துப் போட்டா அத்தைக்கு எழுதினது செல்லாது" என்றான் பேரன்.

"பார்த்தியா! எழுதினால்தான் வில்லங்கம்!" என்று பரமானந்தத்தோடு பேனாவை மூடிவிட்டார் கிராணி ஐயா.

வாசகர்களே, உங்கள் தெருக் கிராணி ஐயாவிடம் அந்தப் பேனாவை மறுபடி திறந்து கொடுங்கள். பதினெட்டு வயது நிறைந்து, புத்தி தெளிவாக இருந்தால் போதும். 1959-ஆம் ஆண்டின் உயில் சட்டம் வேண்டுவது எழுத்தும், கையெழுத்தும், ஒரே சமயத்தில் உடனிருக்கும் இரண்டு சாட்சிகளுமே. வளர்ப்பு மகளின் பெயரை முதலில் எழுதச் சொல்லுங்கள். சாட்சிக்குப் பக்கத்து வீட்டாரை அழையுங்கள். மாப்பிள்ளைமார் காப்பி குடிக்க மட்டும் வரட்டும்.