பால் குடிக்காத பூனை

எழுபதுகளின் மேற்குத் தாம்பரத்தில் பூனைக்குத் தெரிந்த ஒரே தொழில் திருட்டு. ஊர் அப்படித்தான் சொல்லியது. எங்கள் தெருவில் பெரும்பாலும் ஓட்டு வீடுகள். மழையில் நகர்ந்த ஓட்டை யாரும் உடனே சரி செய்வதில்லை. அந்தச் சந்து அதற்குப் போதும். வாசலில் கறந்து வாங்கிய பாலைக் காய்ச்சி, குண்டானைத் தட்டால் மூடி, தட்டின் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்த பிறகுதான் பாட்டி பாயை விரிப்பாள். நடுராத்திரி 'டணார்' என்று சத்தம் கேட்கும். "யாரது, திருடனா?" என்று அப்பா எழுந்திருப்பார். "திருடனா இருந்தாத் தேவலையே, பூனைடா" என்பாள் பாட்டி இருட்டிலிருந்து.

விடிந்ததும் அதே பூனை இன்னொரு வழக்கில் மாட்டும். பீச் வண்டியைப் பிடிக்க ஓடும் குமாஸ்தாவுக்குக் குறுக்கே போய்விடும். அவர் வீட்டுக்குத் திரும்பி, ஒரு வாய் தண்ணீர் குடித்து, திண்ணையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு மறுபடி கிளம்புவார். வண்டி போயிருக்கும். ஆபீசில் அரைநாள் லீவு வெட்டுவார்கள். பூனை குறுக்கே போனால் காரியம் கெடும் என்பது எங்கள் ஊரில் இப்படித்தான் நிரூபணமாயிற்று. 1931-லேயே பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் வந்துவிட்டது. சகுனத்தை மட்டும் யாரும் மின்மயமாக்கவில்லை.

கதைகளும் அதே கட்சி. பஞ்சதந்திரத்தில் முயலும் கவுதாரியும் பொந்துத் தகராறுக்குத் தீர்ப்புக் கேட்டுத் ததிகர்ணன் என்ற பூனையிடம் போகின்றன. "வயசாச்சு, காது மந்தம், கிட்டே வந்து சொல்லுங்கள்" என்கிறது அது. போனார்கள், வழக்கு அத்தோடு முடிந்தது, வாதியும் பிரதிவாதியும் முடிந்தார்கள். பள்ளிக்கூடத்தில் மாமல்லபுரம் அழைத்துப் போனார்கள். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி அந்தப் பெரும்பாறையில் கங்கையையும் தவசியையும் யானைகளையும் செதுக்கிவிட்டு, கீழே ஒரு மூலையில் பூனையையும் வைத்திருக்கிறான். பின்கால்களில் நின்று, முன்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி, மேலே நிற்கும் தவசி மாதிரியே தவம். சுற்றிலும் எலிகள். "ருத்ராட்சப் பூனைன்னா இதுதான்டா" என்றார் சார். அந்த யானைகளைவிட இந்தப் பூனைதான் எனக்குப் பிடித்திருந்தது.

மேல்நாட்டுக் கதைகளில் பூனையின் குற்றம் கொடூரம். டிஸ்னியின் 'சிண்டரெல்லா'வில் அதற்கு லூசிஃபர் என்று சாத்தானின் பெயரையே வைத்தார்கள். ஜேம்ஸ் பாண்டு படங்களில் வில்லன் தன் வெள்ளைப் பூனையைத் தடவிக்கொண்டே ஆளைக் கொல்லச் சொல்வான். பூனை பாவம், ஒன்றும் செய்யாது. நம் ஊரில் குற்றப்பத்திரிகை வேறு: வேஷம். ஆனால் வேஷக்காரப் பூனையின் கதையை மகாபாரதத்தில் யார் சொல்லி அனுப்புகிறான் என்று பாருங்கள். உத்தியோக பர்வத்தில் துரியோதனன், உலூகன் மூலமாக, தருமருக்கு. 'நீதான் அந்தக் கங்கைக்கரைத் தவப் பூனை' என்கிறான். வாதி துரியோதனன் என்றால் வழக்கை எந்த லட்சணத்தில் எடுத்துக்கொள்வது?

தவிர, எலிக்கு நம்மிடம் பிள்ளையாரின் சிபாரிசு உண்டு. பூனைக்கு மேலிடத்தில் ஆள் இல்லை. சஷ்டி தேவிக்குப் பூனை வாகனம்தான். ஆனால் அது வங்காளம்.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. அவற்றைச் சொன்னவர்கள் சில்லறை ஆட்களும் இல்லை. கம்பன் ராமாயணத்தைத் தொடங்கும்போது அவையடக்கத்தில் தன்னையே பூனை என்கிறான், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடலாம் என்று போய் நின்ற பூனை. பாரதி 'முரசு' பாட்டில் ஒரு வெள்ளைப் பூனைக்கு நிறம் நிறமாய்க் குட்டிகளைக் கொடுத்து, அதை வைத்தே மனிதரில் பேதமில்லை என்று பாடம் நடத்துகிறான். தென்கலை வைணவம் இன்னும் ஒரு படி மேலே போய், பூனையைப் பெருமாளாகவே ஆக்கிவிட்டது. குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டிக்கு அந்த வேலையும் இல்லை, தாய் கவ்விக்கொண்டு போகும், சரணாகதி அப்படி இருக்க வேண்டும் என்பார்கள். மார்கழியில் இந்த உபந்நியாசத்தைக் கேட்டுக் கண்ணீர் விட்ட பாட்டி, வீட்டுக்கு வந்தால் பரணில் நிஜமாகவே ஒரு தாய்ப்பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. ஏழு வீடு மாற்றும் என்பார்களே, அதில் எங்களுடையது எத்தனையாவதோ. பாட்டி துடைப்பத்தை எடுத்தாள். உபந்நியாசம் கோயிலோடு சரி.

இப்போது சேலையூரில் ஐந்தாவது மாடி. ஓடும் இல்லை, உறியும் இல்லை, பால் பாக்கெட்டில் வந்து நேரே ஃப்ரிட்ஜுக்குள் போகிறது. திருட வழியே இல்லாத வீட்டில் ஒரு பாரசீகப் பூனை இருக்கிறது. பேத்தி ஜிலேபி என்று பெயர் வைத்திருக்கிறாள். மே மாதத்தில் அதற்காக ஏசி ஓடுகிறது. எனக்காக என்றால் கரண்ட் பில் பேச்சு வரும். பல்லியைக் கண்டால் சோபாவுக்கு அடியில் போய்விடும். ஒருநாள் யாரும் பார்க்காதபோது கிண்ணத்தில் பால் ஊற்றினேன். அரைநூற்றாண்டுக் கடனைத் தீர்க்கும் உத்தேசம். பேத்தி பாய்ந்து வந்தாள். "தாத்தா! பாலா? வயித்தால போகும். டாக்டர் திட்டுவாரு."

விசாரித்தேன், உண்மைதான். குட்டிப் பருவம் தாண்டிய பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுகிறது. பாட்டியின் குழவி, கம்பனின் பாற்கடல் எல்லாவற்றையும் திருப்பி யோசிக்க வேண்டியிருந்தது. பாற்கடலை நக்கியிருந்தால் அந்தப் பூனையின் கதி? ராயர் சபையில் பாலைக் கண்டு தலைதெறிக்க ஓடியதே தெனாலிராமன் பூனை, நம் இலக்கியத்திலேயே சரியான உணவுப் பழக்கம் உள்ள ஒரே பூனை அதுதான். கொதிக்கக் கொதிக்கப் பால் வைத்து அதைப் பழக்கியதற்கு ராமனை மன்னிக்க முடியாது என்பது வேறு விஷயம்.

பேத்தியின் கதைகளில் எலிக்கும் இறங்குமுகம். ஹாரி பாட்டரின் மூன்றாம் புத்தகத்தில் க்ரூக்‌ஷாங்ஸ் என்ற பூனை எலியைத் துரத்துகிறது என்று எல்லோரும் திட்டுகிறார்கள். கடைசியில் அந்த எலிதான் ஒளிந்திருந்த துரோகி. பிள்ளையாரிடம் சொல்லவில்லை.

ஆனால் கீழே பார்க்கிங்கில் பழைய காலம் அப்படியே இருக்கிறது. எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் காலையில் பூனை வீடியோக்களுக்கு இதயம் இதயமாகப் போடுபவர்களே, சாயங்காலம் கார் கவரில் நகக் கீறலைப் படம் பிடித்துப் போட்டு, 'இந்தத் தெருப் பூனைகளை எங்கேயாவது பிடித்துப் போய் விடச் சொல்லுங்கள்' என்கிறார்கள். 2020 பிப்ரவரியில் சரக்குப் பெட்டகத்தில் ஏறிச் சீனாவிலிருந்து சென்னைத் துறைமுகம் வந்து சேர்ந்த பூனையையும், கொரோனா பயத்தில், வந்த வழியே அனுப்பத்தான் பார்த்தார்கள். தாம்பரம் 2021-இல் மாநகராட்சி ஆகிவிட்டது, தெருப் பூனையின் நிலை மட்டும் மாறவில்லை. சாம்பல் நிறத்தில் காது கிழிந்த பூனை ஒன்று இரவில் எங்கள் வாட்ச்மேனின் நாற்காலிக்கு அடியில் படுக்கிறது. தன் கருவாட்டுக் குழம்புச் சோற்றில் ஒரு பிடியை அவர் அதற்கு ஒதுக்குகிறார். மாடியில் இருப்பதற்கும் இதற்கும் விலையில்தான் வித்தியாசம்.

உங்கள் வாசலுக்கும் வெயிலில் ஒன்று வந்து நிற்கும். பால் ஊற்றாதீர்கள். ஒரு கொட்டாங்கச்சியில் தண்ணீர் வையுங்கள்.