அரியர் சித்தப்பா

எங்கள் சித்தப்பாவுக்கு வயது 54. தொழில், மாணவர்.

ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பதெல்லாம் பகல் நேரத்துச் சங்கதி. சட்டைப் பையில் ஆபீஸ் அட்டைக்கு முன்னால் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழக அடையாள அட்டைதான் இருக்கும். போட்டோவுக்காக முதல் நாள் ராத்திரி மீசைக்கு டை அடித்தவர், புருவத்தை மறந்துவிட்டார். அட்டையைப் பார்த்தால் மகனுடைய மீசையை அப்பா இரவல் வாங்கி ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும்.

இந்த வியாதி 2011-இல் பிடித்தது. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது, "88-லயே பாஸ் பண்ணித் தொலைச்சேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகுதான் படிப்பில் பிடிப்பு வந்தது.

ஆப்பிள் லேப்டாப்பைக் கல்வி விலையில் வாங்கினார். காலேஜில் படிக்கும் பிள்ளைக்காகப் பெற்றோரே அந்த விலைக்கு வாங்கலாம், இவருக்கும் அப்படி ஒரு பையன் இருக்கிறான். அதைச் சொன்னேன்.

"அது சிபாரிசு. இது மெரிட்டுடா" என்றார்.

கிட்ஹப் மாணவர் தொகுப்பு, ஜெட்பிரெயின்ஸ், ஆட்டோகேட் என்று மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பது அத்தனையும் அந்த லேப்டாப்பில் குடியிருக்கிறது. அவர் அதில் செய்வது ஒன்றே ஒன்று, ஃபிளாட் சங்கத்துக்குத் தண்ணீர் லாரி கணக்கு. "லிப்ரே ஆபீஸ் இருக்கே சித்தப்பா, யார் வேணும்னாலும் சும்மாவே எடுத்துக்கலாம்" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "எல்லாருக்கும் சும்மான்னா அதுல நமக்கு என்ன மிச்சம்?"

அந்த மிச்சத்துக்கென்றே ஒரு நோட்டு வைத்திருக்கிறார். பழைய டைரி. தேதி, சாமான், மிச்சம் என்று மூன்று பத்தி, ஸ்கேல் வைத்து அடித்த கோடு. செலவுக்குப் பத்தி கிடையாது. போன தீபாவளிக்கு மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "இந்த வருஷம் அறுபதாயிரம் மிச்சம்" என்று கூட்டிச் சொன்னார். அடுப்படியிலிருந்து சித்தி எட்டிப் பார்த்து, "அதை எடுங்க, வாஷிங் மெஷின் வாங்கணும்" என்றார். நோட்டு மூடிக்கொண்டது.

கம்பெனிக்காரன் ஒன்றும் தர்மப்பிரபு இல்லை. படிக்கிற வயதில் கை பழகிவிட்டால், நாளை வேலைக்குப் போகிற இடத்தில் அதையே காசு கொடுத்து வாங்க வைப்பான் என்பதுதான் அவன் போடும் கணக்கு. சித்தப்பாவிடம் அது பலிக்காது. ரிட்டயர் ஆக இன்னும் நாலு வருஷம்தான்.

ஒரே ஒரு தடவை ஆட்டோகேடைத் திறந்தார். பழைய பதிப்பு. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு மாடியில் ஒரு ரூம் போட வரைபடம். படிப்புக்காகக் கொடுத்ததை வெளிவேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியை அவர் படிக்கவில்லை, அது சிலபஸில் இல்லை. ஆனால் அப்போதைய மாணவர் பதிப்பு லேசுப்பட்டதல்ல. பிரிண்ட் போட்டால் தாளின் நாலு ஓரத்திலும் 'இது மாணவர் பதிப்பில் செய்தது' என்று இங்கிலீஷில் அச்சாகிவிடும். 2019 பதிப்பில்தான் அதை எடுத்தார்கள். பாலிடெக்னிக் படிக்கும் மேஸ்திரி மகன் தாளைத் திருப்பித் திருப்பி நாலு பக்கமும் வாசித்துக் காட்டினான். மேஸ்திரி கரணையைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா, படிச்சு முடிச்சவங்க யாரும் கிடைக்கலையா?" என்றார்.

ரிச்சி தெருவில் மவுஸ் வாங்கப் போனாலும் அட்டை வெளியே வரும். கடைப்பையன், "சார் புரொஃபசரா?" என்பான். "ஸ்டூடண்ட்." பையன் புருவத்தைப் பார்ப்பான். இருபது ரூபாய் குறைப்பான். மரியாதையா, பரிதாபமா, தெரியாது.

ஸ்பாட்டிஃபைக்காரர்கள் நாலு வருஷத்துக்கு மேல் யாரையும் மாணவனாக ஒப்புக்கொள்வதில்லை. அதில் அவருக்கு மனவருத்தம் உண்டு. இக்னோவுக்குப் பெரிய மனசு, மூன்று வருஷப் பட்டத்தை ஆறு வருஷம் வரை இழுக்கலாம். அதனால் ஒரு பேப்பரை மட்டும் கவனமாக அரியர் வைத்துக்கொண்டு வந்தார். இந்தத் தடவையும் அரைமணி எழுதிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

போன வாரம் ரிசல்ட். பாஸ். சித்தி கேசரி கிண்டி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தார். சித்தப்பா தன் பங்கைத் தொடாமல் என்னை பால்கனிக்குக் கூட்டிப் போய், குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ரீவேல்யூவேஷன் போட்டா மார்க் குறையவும் சான்ஸ் இருக்கில்லடா?"