மொறுமொறுப்பியல்: சியோல் நகரத்து இசைக் கோழிக்கடைகள் குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

சியோலின் ஹோங்தே வட்டாரத்தில் சுவர் நிறைய இசைத்தட்டு உறைகளை மாட்டிவைத்து, பீரும் பொரித்த கோழியும் விற்கும் கடைகள் உண்டு. வேண்டிய பாட்டைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் போடுவார்கள். அங்கே போகிறவர் எதற்காகப் போகிறார்? பாட்டுக்கு என்றால் கோழி எதற்கு? கோழிக்கு என்றால் பாட்டு எதற்கு? இரண்டுக்கும்தான் என்பது சோம்பேறிகளின் விடை. ஆய்வுலகம் அதை ஏற்காது.

கொடிவழி

இக்கடை இரண்டு குடும்பங்கள் செய்துகொண்ட சம்பந்தம். தாய்வழி, எண்ணெய்ச் சட்டி. 1977இல் மியோங்தோங்கின் ஷின்செகே அங்காடியில் 'லிம்ஸ் சிக்கன்' கோழியைத் துண்டு போட்டுப் பொரித்து விற்கத் தொடங்கியது. 1997 நிதி நெருக்கடியில் வேலை போனவர்கள் பலர் கோழிக்கடை வைத்தார்கள். 2002 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது கோழியும் பீரும் சேர்ந்த 'சிமேக்' ஊரெல்லாம் பரவியது. தந்தைவழி, இசைத்தட்டு. 1960களில் 'செசிபோங்' போன்ற இசை மன்றங்கள் இருந்தன. 1970களில் 'தாபாங்' என்னும் காப்பிக்கடைகளில் கண்ணாடிக் கூண்டுக்குள் டிஜே உட்கார்ந்து, சீட்டு வாங்கிப் பாட்டுப் போட்டார். காப்பி குடித்தால் சத்தம் எழாது. ஆகவே தாபாங்கில் சிக்கல் எதுவும் இல்லை. கோழி வந்தது, சிக்கலும் வந்தது.

முன்னாய்வுகள்

2004இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஜாம்பினியும் ஸ்பென்ஸும் உருளைக்கிழங்கு வறுவலைக் கடிக்கும் ஓசையை ஒலிபெருக்கிக் கடிப்பவர் காதிலேயே விட்டார்கள். ஓசை கூடக்கூட, வறுவல் புதிதாகவும் மொறுமொறுப்பாகவும் இருப்பதாகக் கடித்தவர்கள் சொன்னார்கள். இதற்கு 2008இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கும் முன்னால், 1986இல், மில்லிமன் என்ற அமெரிக்கர் ஓர் உணவகத்தில் மெதுவான இசையையும் வேகமான இசையையும் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார். மெதுவான இசைக்கு 56 நிமிடம் உட்கார்ந்தவர்கள் வேகமான இசைக்கு 45 நிமிடத்தில் எழுந்துவிட்டார்கள். மெதுவான இசையில் மதுவுக்கான செலவும் 21.62 டாலரிலிருந்து 30.47 டாலராக ஏறியது. சாப்பாட்டுச் செலவு மட்டும் அசையவில்லை.

ஆக, பாட்டால் லாபம் பீருக்கு. கோழியின் ருசியோ கடிக்கும் ஓசையில் இருக்கிறது. அந்த ஓசையைப் பாட்டு விழுங்கிவிட வேண்டும். ஆனால் கோழி விற்கிறது. எங்ஙனம்?

களத்தில் கண்டவை

முதலாவது: தட்டோடு மெல்லிய பிளாஸ்டிக் கையுறை தருகிறார்கள். கோச்சுஜாங் என்னும் மிளகாய் விழுதும் சோளப்பாகும் வழியும் அந்தக் கையால் பேனா பிடிக்க முடியாது. எனவே பாட்டுச் சீட்டை எழுதுகிறவர், மேசையில் யார் குறைவாகத் தின்கிறாரோ அவர். கடையில் ஒலிப்பது பசியில்லாதவர்களின் ரசனை.

இரண்டாவது: இசைத்தட்டின் ஒரு பக்கம் முடிந்து, மறுபக்கம் திருப்பிப் போடும் இடைவெளி. அதுவரை ஆவேசமாகக் கடித்துக்கொண்டிருந்த கூடம் சட்டென்று அடங்குகிறது. கோழிக்காலை வாய்க்குள் வைத்தவர் அப்படியே நிறுத்துகிறார். ஒருவர் மட்டும் கவனிக்காமல் 'மொறுக்' என்று கடித்துவிட, எல்லா மேசையும் திரும்பிப் பார்க்கிறது. அவர் உடனே பீர்க் கோப்பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்கிறார். ஊசி மறுபடி தட்டில் இறங்கியதும் கூடம் பழையபடி கடிக்கத் தொடங்குகிறது.

நூற்பா

தன்கடி எலும்பின் தன்செவி சேரும்;
பிறன்கடி காற்றொடு பெயர்ந்து வருமே.

உரை: தான் கடிக்கும் ஓசை தாடை எலும்பின் வழியே உள்ளுக்குள்ளேயே காதை அடைகிறது. அதைப் பாட்டால் முற்றிலும் தடுக்க இயலாது. பக்கத்து மேசைக்காரர் கடிப்பது காற்றில் வருகிறது. அதைப் பாட்டு அமுக்கிவிடும். இதனாற் பெறப்பட்டது என்னையெனின், இக்கடையில் பாட்டு என்பது ஒரு தடுப்புச்சுவர். நம் மொறுமொறுப்பை நம்மிடமே விட்டுவிட்டு, ஊரார் மொறுமொறுப்பை வெளியே நிறுத்துகிறது. நம்முடையதையும் ஊராரிடமிருந்து காக்கிறது. வெட்கமில்லாமல் கடிக்கவே அங்கே போகிறார்கள் என்க.

செயல்முறைப் பரிந்துரை

'பன்பன்' என்று கேட்டால் பாதி வெறும் பொரியலும் பாதி காரப்பாகு புரட்டிய 'யாங்யோம்' கோழியும் வரும். இருமுறை பொரித்து ஈரம் நீக்கிய வெறும் பாதிக்கு ஓசை மிகுதி. அதை வேகமான பாட்டில் தின்றுவிட வேண்டும். நிமிடத்துக்கு 132 துடிப்பில் ஓடும் 'கங்னம் ஸ்டைல்' இதற்கு ஏற்றது. பாகில் ஊறியது ஏற்கெனவே வாயடங்கிய கோழி. அதற்குச் சுவர் தேவையில்லை. சோகப்பாட்டு வரும்வரை காத்திருக்கும்.

மறுப்பும் அமைதியும்

கோழியோடு சதுரம் சதுரமாக நறுக்கிய முள்ளங்கி ஊறுகாய் ஒரு கிண்ணம் வைக்கிறார்கள். கடித்தால் எழும் ஓசையை எந்தப் பாட்டும் மறைக்கவில்லை. எதிர் மேசைக்குக்கூடக் கேட்கிறது. அதை மட்டும் எல்லாரும் வெட்கமில்லாமல் கடிக்கிறார்கள். மேற்கண்ட முடிபை இது அடியோடு ஆட்டுவதால், ஆய்வாளர் அந்த எதிர்ச்சான்று முழுவதையும் களத்திலேயே தின்று தீர்த்தார். கேட்டால் காசில்லாமல் இன்னொரு கிண்ணம் தருகிறார்கள். ஐயமுள்ளோர் சரிபார்த்துக்கொள்ளலாம்.