துண்டுச்சீட்டியல்: ஒரு முன்னாய்வு

சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்று மூன்று அதிகாரம், ஆக 30 குறள் பாடிய வள்ளுவர், பேச்சாளரின் முழங்கையருகே நான்காக மடித்து வைக்கப்படும் துண்டுச்சீட்டுக்கு ஒன்றுகூட ஒதுக்கவில்லை. அவையஞ்சாமை அளவு கடந்தால் என்ன செய்வது என்ற சிக்கல் அவர் காலத்தில் எழவில்லை போலும். அக்குறையை நீக்கவே இக்கட்டுரை.

சீட்டு பெரும்பாலும் அழைப்பிதழின் கிழிந்த ஓரம். முதல் சீட்டில் ‘5 நிமிடம்’ என்றிருக்கும். விழாக்குழு தமக்குக் கூடுதலாக வழங்கிய 5 நிமிடம் என்றே பேச்சாளர் அதற்குப் பொருள் கொள்கிறார். இரண்டாவது, ‘சாப்பாடு ரெடி’. இதை மைக்கிலேயே வாசித்துவிட்டு, செவிக்கு உணவு தீர்ந்த பிறகுதானே வயிற்றுக்கு என்று வள்ளுவரையே சாட்சிக்கு இழுப்பார். ஆக, இவ்வழக்கில் வள்ளுவர் எதிர்த்தரப்பு.

நோயின் மூலம் எது? ‘அவர்களே’ என்பது ஆய்வாளரின் துணிபு. மேடையிலுள்ள ஒவ்வொருவரையும் பட்டத்தோடு விளித்து முடிப்பதற்குள் கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் சுவரில் சாய்ந்துவிடுகின்றன. சாய்ந்த நாற்காலி நிமிர்ந்ததாகச் சான்றில்லை. நூலுக்கு நன்னூலார் சொன்ன பத்துக் குற்றங்களில் ‘கூறியது கூறல்’ ஒன்று. 1987இல் பவர்பாயிண்ட் வந்தபின் அதற்கு மின்வசதி கிடைத்தது. திரையில் எல்லோரும் படித்து முடித்ததை, சபைக்கு முதுகு காட்டி நின்று மறுபடி வாசிக்கலாம்.

இந்நோய் அண்டாத ஒருவர் கிருபானந்த வாரியார் (1906–1993). கதை நடுவே நிறுத்தி, முன்வரிசைக் குழந்தைகளிடம் கேள்வி கேட்பார். சரியாகச் சொன்ன பிள்ளைக்குப் பரிசு உண்டு. பிள்ளை விழித்துக்கொள்ளும் என்பது சிறிய லாபம். பதில் தெரியாத அப்பாவும் கேள்வி தன் பக்கம் திரும்பிவிடுமோ என்று நிமிர்ந்து உட்காருவார். பெரிய லாபம் அதுதான். இன்றைய பேச்சாளரும் கேட்கத்தான் செய்கிறார்: ‘நான் கேட்கிறேன், நாம் எங்கே போய்க்கொண்டிருக்கிறோம்?’ பதிலையும் அவரே சொல்லிவிடுவதால் சபைக்கு வேலையில்லை. பந்தி நடக்கும் இடத்துக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறோம் என்று சொல்ல ஆள் இருந்தும், வாய்ப்பு இல்லை.

மூன்றாம் சீட்டு பேச்சாளருக்கு எழுதப்படுவதில்லை; மைக்செட்காரருக்குப் போகும். அவர் ஒயரைப் பிடுங்குவார். ‘எனக்கு மைக்கே தேவையில்லை’ என்று பேச்சாளர் மேடையின் முன்விளிம்புக்கு வருவார்.